வண்டி இருக்கு, டிரைவர் இல்லை

ஆவடி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும். எஞ்சின் நன்றாக இருக்கும், டீசல் இருக்கும், கண்டக்டரும் விசிலோடு தயாராக இருப்பார். டிரைவர் வரவில்லை என்றால் வண்டி நகராது. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். பிரிண்டர், ஸ்கேனர், வை-ஃபை கார்டு எல்லாம் வண்டி. அதை ஓட்டத் தெரிந்த சின்ன மென்பொருளுக்கும் டிரைவர் என்றே பெயர். பெயர் வைத்த மகராசன் வாழ்க!

அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் கண்ணில் படாமல் இருப்பது அபூர்வம். டோனர் ரீஃபில் சுலபம், வருஷக்கணக்கில் உழைக்கும். பையன்களின் ப்ராஜெக்ட் முதல் பயோடேட்டா வரை எல்லாம் அதில்தான். ஆனால் அந்தக் கடைக்காரர் "திருட்டு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன்" என்று யோக்கியமாக முடிவெடுத்தால் அன்றைக்கே பிரச்சினை ஆரம்பம்.

காரணம் இதுதான். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையை அந்த பிரிண்டர் செய்யாது, கம்ப்யூட்டரே செய்து அனுப்ப வேண்டும். பிரிண்டர் மலிவாகக் கிடைப்பதன் ரகசியமும் அதுவே. அனுப்ப வேண்டிய பாஷை 'கேப்ட்' என்கிற கேனானின் சொந்த பாஷை. லினக்ஸுக்கு டிரைவரே தரவில்லை என்று சொன்னால் அது பொய். தந்தார்கள். ஆனால் அதன் முக்கியமான பாகங்கள் பூட்டியே இருந்தன. போதாததற்கு சிசிபிடி என்று ஒரு சேவையை டெர்மினலில் கட்டளை கொடுத்துப் பதிவு செய்து ஓடவிட வேண்டும். வாசலில் பத்துப் பேர் ஹால் டிக்கெட்டோடு நிற்கும்போது நடக்கிற காரியமா? கடைசியில் சில தன்னார்வலர்கள், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டுத் தாங்களே ஒரு டிரைவரை எழுத வேண்டி வந்தது.

எச்பி இதில் எவ்வளவோ தேவலை. அவர்களுடைய எச்பிலிப் திறந்த மூலம். ஆனாலும் ஊரெல்லாம் விற்ற லேசர்ஜெட் 1020-க்கு ஒரு மூடிய ப்ளகின் தனியாக இறக்க வேண்டும். ஸ்விட்ச் போடும்போதெல்லாம் அந்த பிரிண்டருக்குள் ஃபர்ம்வேரை ஊற்றினால்தான் அதற்கு உயிர் வரும்.

(பிரிண்டருக்கும் இந்த இயக்கத்துக்கும் பூர்வஜென்ம பந்தம். 1980 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் கிடைக்காத எரிச்சல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கிளப்பிவிட்டது.)

கம்பெனிகளின் பக்கமும் கணக்கு இருக்கிறது. டிரைவர் எழுதுவது நிலையான செலவு. பத்துப் பேர் வாங்கினாலும் பத்து லட்சம் பேர் வாங்கினாலும் அதே செலவு. பத்துப் பேருக்காக யார் செய்வார்கள்? பி.காம் முதல் வருஷ காஸ்டிங் புத்தகம் படித்தவன்கூட அதில் தப்பு சொல்ல மாட்டான். ஆனால் 2007-ல் கெர்னல் நிரலாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் பகிரங்கமாகவே அறிவித்தார்: சாதனத்தின் விவரத்தைக் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமானால் அதிலும் கையெழுத்துப் போடுகிறோம். அதற்குப் பிறகும் செலவு, செலவு என்று புலம்பியது எடுபடாது.

பிறகு யார் சொன்னால் கேட்பார்கள்? 2012-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலையே காட்டினார். உலகமே கைதட்டியது. என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்தது 2022 மே மாதம். பத்து வருஷம்! அதற்குள் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களாக மாறியிருந்தார்கள். விரலைவிட பர்ச்சேஸ் ஆர்டருக்குத்தான் மரியாதை.

இதை உள்ளூரிலேயே ஒருவர் செய்து காட்டினார். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., 2007 வாக்கில் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அதோடு நிற்கவில்லை. வாங்கும் சாதனம் லினக்ஸில் வேலை செய்ய வேண்டும் என்பதை டெண்டரிலேயே நிபந்தனை ஆக்கினார். டிரைவர் இல்லையா, ஆர்டர் இல்லை. மனுப் போடவில்லை, மன்றாடவில்லை.

2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கில் லேப்டாப். அவ்வளவு பெரிய ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே போடும் ஒவ்வொரு பாகத்துக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்க வேண்டும்" என்று ஒரு வரி கறாராகச் சேர்த்திருந்தால் எந்த வை-ஃபை சிப் கம்பெனி மறுத்திருக்கும்? விண்டோஸோடு லினக்ஸும் ஒரு ஓரமாகத் தரப்பட்டது, அவ்வளவுதான். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் முழுக்க லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே மலையாளம் பேசும் தனி பிரிண்டரா விற்கிறார்கள்?

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டிகள் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். ஆனால் இவர்கள் யாரும் டெண்டர் விடுகிறவர்கள் இல்லை. ஒரே ஒரு பிரிண்டர் வாங்குகிற ஆளின் நிபந்தனையை எந்தக் கம்பெனி கேட்கும்? இவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்க வேண்டியது அரசாங்கத்தின் கொள்முதல் துறைதான்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. ஏர்பிரிண்ட், ஐபிபி எவ்ரிவேர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் புது பிரிண்டர்களுக்குத் தனி டிரைவரே வேண்டாம், லினக்ஸ் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். விலைதான் கொஞ்சம் கூட. ரிச்சி தெருவில் பேரம் பேசி முடித்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய 2900 ஒன்றையேதான் பைக்கில் கட்டிக்கொண்டு வருவார்.