தோலுக்குள்ள போக டிக்கெட் இருக்கா?

ஹாஸ்டல்ல ஒருத்தர் ட்யூப் வாங்கினா, அது ரூம்ல இருக்கிற அத்தனை பேர் முகத்துக்கும் பொதுச்சொத்து. 'மச்சி, நாலே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்டா'ன்னு கைமாறுமே... அந்த ட்யூப் பற்றித்தான் இந்த வாரம்!

முதல்ல, நம்ம தோல் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதன் வெளி அடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். தலைமுடியைவிட மெலிசு! ஆனா, உயிரில்லாத செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவுல கொழுப்புதான் சிமெண்ட். இதுல நுழையணும்னா மூலக்கூறு குட்டியா இருக்கணும். 500 டால்டன் எடையைத் தாண்டினா கஷ்டம்னு 2000-ல் போஸ், மைனார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னாங்க. முழு கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3 லட்சம் டால்டன்! 'கொலாஜன் க்ரீம்' தோல் மேல உட்கார்ந்து ஈரத்தைக் காக்கலாம். உள்ளே போய் சுருக்கத்தை நிரப்பாது.

சரி, மருந்து குட்டிதான். உடனே உள்ளே போயிடுமா? அங்கேதான் மேட்டர். ட்யூபுக்குள்ள இருக்கிறதில் பெரும்பகுதி மருந்தே இல்லை. அதைச் சுமக்கிற எண்ணெய், மெழுகு, தண்ணீர்தான். இந்த 'வண்டி' மருந்துக்கு ரொம்ப சொகுசா இருந்தா, அது இறங்கவே இறங்காது. ஜன்னல் சீட் கிடைச்சவங்க எழுந்திருப்பாங்களா என்ன? வண்டியில இடம் போதாம நெரிசலானாதான் மருந்து தோலுக்குள்ள இறங்கும்.

ஆயின்மென்ட் பிசுபிசுன்னு இருக்கும். ஆனா தோல்ல இருந்து ஆவியாகிற தண்ணியை அது மூடி வைக்கும். ஊறின தோல் வழி விடும். க்ரீம்ல எண்ணெயும் தண்ணியும் கலந்திருக்கும், பூச சுகம். தலைமுடி இருக்கிற இடத்துக்கு லோஷனும் ஜெல்லும் வசதி. ஒரு உதாரணம்: பீட்டாமெத்தசோன் வாலரேட் 0.1 சதவீத ஆயின்மென்ட், அமெரிக்காவின் 7 வகுப்புப் பட்டியலில் மூணாவது வகுப்பு, அதே 0.1 சதவீதம் க்ரீமா வந்தா ஐந்தாவது! முதல் வகுப்புதான் வீரியம் அதிகம். மருந்து ஒண்ணு, அளவு ஒண்ணு, வண்டி மட்டும் வேற.

பூசுற இடமும் முக்கியம் பாஸ். 1967-ல் ஃபெல்ட்மேன், மெய்பாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை வெச்சு அளந்து பார்த்தாங்க. முன்கையில் உறிஞ்சுவது ஒரு பங்குன்னா, நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பைத் தோலில் 42 பங்கு!

இப்ப அந்த ஹாஸ்டல் ட்யூபுக்கு வருவோம். 'கலர்' தரும்னு கைமாறும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கு. முதல் வாரம் முகம் மின்னும். மாசக்கணக்கில் பூசினா தோல் மெலியும், ரத்தக்குழாய் சிவப்பு நூலா தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினா முகம் எரிஞ்சு சிவக்கும்; பயந்துபோய் திரும்பப் பூசுவாங்க. படர்தாமரையில் பூசினா அரிப்பு அடங்கும். பூஞ்சை ஜாலியா பரவும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள்:

* ட்யூபைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க. க்ளோபெட்டசால், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன்னு இருந்தா, டாக்டர் சொல்லாம முகத்துகிட்டேயே கொண்டு போகாதீங்க.

* ஸ்டீராய்டு பூசின இடத்தை பிளாஸ்டிக் சுற்றி மூடாதீங்க. உறிஞ்சுவது பல மடங்கு ஏறும்.

* மருந்தை மாய்ஸ்சரைசரோடு உள்ளங்கையில் குழைக்காதீங்க. வண்டியே மாறிடும், பாதி கலந்தா பாதி வீரியம்னு கணக்கு சொல்ல முடியாது.

* ஏற்கெனவே ரொம்ப நாளா பூசிட்டிருக்கீங்களா? சட்டுன்னு நிறுத்தாம, வெட்கப்படாம தோல் டாக்டரைப் பாருங்க. எப்படி நிறுத்தணும்னு அவர் சொல்வார்.

சீப்பு, சோப்பு, சட்டை... ஃப்ரெண்டுகிட்ட எதை வேணா ஓசி வாங்குங்க. ட்யூப் மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!