சம்பளம் 12 ஆயிரம் சரி... எத்தனை மணி நேரம் வேலை? ஜவுளிக்கடையில் சேர்ந்த பிறகு தெரியவரும் ‘கணக்கு’

நெல்லை:

“ஆட்கள் தேவை. சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள்ஸ். கை நிறைய சம்பளம். உணவு, தங்குமிடம் இலவசம்.”

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னாடி பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடை தூண், மின்கம்பம்னு எங்கே பார்த்தாலும் இந்த நோட்டீஸ்தான். செல்போன் நம்பர் பெருசா இருக்கும். சம்பளம் அதைவிட பெருசா இருக்கும். காலையில் எத்தனை மணிக்கு வரணும், ராத்திரி எத்தனை மணிக்கு விடுவாங்க என்பது மட்டும் எந்த மூலையிலும் இருக்காது.

பிளஸ்-2 முடிச்ச கையோடு, வீட்டுக் கடனை நினைச்சுக்கிட்டு வர்ற பசங்களும் பொண்ணுங்களும் கேட்பது ஒரே கேள்விதான். “சம்பளம் எவ்வளவு?” தப்பித்தவறி நேரம் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் பேசிக்கலாம், மொதல்ல வந்து சேருங்க” என்று பதில் வரும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்ட கிராமங்களில் இருந்து சென்னை தி.நகருக்கு கடை வேலைக்குப் போவது பல வருஷ வழக்கம். அந்த வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் 2010-ல் காட்டினார். தியேட்டரில் அழாதவர் இல்லை. ஆனாலும் நோட்டீசில் வேலை நேரம் ஏறவில்லை.

ஷட்டர் இறங்கினாலும் வேலை முடியாது

கடை மூடுற நேரம் வேற, வேலை முடியுற நேரம் வேற. புதுசாக சேருகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். “10 மணிக்கு கடை மூடிடும்” என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளருக்குப் பிரிச்சுப் போட்ட புடவைகளை மடிச்சு அடுக்கணும். கவுண்டரைச் சுத்தம் பண்ணணும். ஸ்டாக் எண்ணணும். கல்லா கணக்கு முடியாமல் பில்லிங் ஆளை விடமாட்டார்கள். காலையிலும் அப்படித்தான். கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்து நிற்கணும். இந்த நேரத்துக்கெல்லாம் சம்பளம் கிடையாது. அதை ஒரு வேலை என்றே யாரும் எண்ணுவதில்லை.

12 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், தினமும் 8 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி நேரம். மணிக்கு 57 ரூபாய் 69 காசு விழும். அதே சம்பளத்துக்கு தினமும் 12 மணி நேரம் நின்றால் 312 மணி நேரம். மணிக்கு 38 ரூபாய் 46 காசு! சம்பளம் ஒன்றுதான், உழைப்பு ஒன்றரை மடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் பகீர் என்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நேற்று வந்தது இல்லை, 1947-ல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரணும். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு 1 மணி நேரம் ஓய்வு விடணும். தட்டைக் கழுவாமலே கவுண்டருக்கு ஓடுகிற 20 நிமிஷ சாப்பாட்டு நேரம் இதில் சேராது.

தினமும் ஒரே ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தாலே, மேலே போட்ட கணக்குப்படி மாதம் 3 ஆயிரம் ரூபாய் ஓ.டி. வரணும். ஒரு வருஷத்துக்கு 36 ஆயிரம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு காலேஜ் பீஸ்!

24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தபோது வியாபாரிகள் சந்தோஷப்பட்டார்கள். 10 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளுக்கு அந்த அனுமதி. அதோடு சேர்ந்து வந்த நிபந்தனைகளைத்தான் யாரும் பேசவில்லை. ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு சுழற்சி முறையில் கொடுக்கணும், சம்பளம் வங்கிக் கணக்கில் போடணும், ராத்திரி 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேணும் என்று அதிலேயே இருக்கிறது. நிற்கிற ஊழியருக்கு உட்கார இருக்கை தரணும் என்று 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். பல கடைகளில் இன்னும் ஸ்டூல் வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியபோது தமிழ்நாடே கொதித்தது. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அது வாபஸ் என்று அறிவித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் எந்த மசோதாவும் இல்லாமலே ஜவுளிக்கடையில் 12 மணி நேரம் நிற்கிறார்களே, அவர்களுக்காக எந்தக் கட்சியும் மறியல் பண்ணவில்லை.

முதல் மாசம் கையில் வாங்கும்போது...

சம்பள நாள் வந்தால் அடுத்த ஷாக். 12 ஆயிரத்தில் பி.எப். 12 சதவீதம் என்றால் 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் என்றால் 90 ரூபாய். கைக்கு வருவது 10,470 ரூபாய். இந்தப் பிடித்தம் நியாயமானது. அந்த 1,440 ரூபாய் தொழிலாளியின் பணம், முதலாளியும் பங்கு போடணும். இ.எஸ்.ஐ.க்கும் முதலாளி தனியாக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் கட்டணும். உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வரை இ.எஸ்.ஐ. தரும்.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதுதான் கேள்வி. பி.எப். என்றால் யு.ஏ.என். நம்பர் வரணும், இ.எஸ்.ஐ. என்றால் காப்பீட்டு எண் வரணும். இரண்டும் கைக்கு வராமல் பிடித்தம் மட்டும் நடந்தால் சும்மா இருக்கக் கூடாது.

லேட் மார்க், யூனிபார்ம், காணாமல் போன சரக்கு, ஹாஸ்டல் கரண்ட் பில் என்று விழுகிற வெட்டுகள் தனி. ‘இலவசம்’ என்று சொன்ன சாப்பாட்டுக்கே பணம் பிடிக்கும் இடமும் உண்டு. மால் ஷோரூம்களில் வேறு மாதிரி. அங்கே ‘சி.டி.சி.’ என்று ஒரு தொகை சொல்வார்கள். முதலாளி கட்டும் பி.எப். பங்கையும் சேர்த்த தொகை அது. இன்சென்டிவ் உண்டு என்பார்கள், டார்கெட் எவ்வளவு என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

கடைக்காரர்கள் தரப்பில் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆன்லைன் வியாபாரம் கழுத்தை நெரிக்கிறது, வருஷத்தில் நாலு மாசம்தான் சீசன், முதலாளியே ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் லாபம் அவருக்கு. கூட நிற்கிற பிள்ளைக்கு கால் வீக்கம். 11 மணி வரை வேலை இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட்டால், இஷ்டப்பட்டவர் சேருவார், முடியாதவர் வேற கடை பார்ப்பார். சொல்லாமல் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியாது.

பேப்பர் கேளுங்க

2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றைப் பற்றி தொழிற்சங்கங்களுக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் கடை ஊழியருக்கு உதவுகிற ஒரு விஷயம் அதில் இருக்கிறது. வேலையில் சேர்ப்பவருக்கு நியமனக் கடிதம் தரணும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் தரணும். வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தினாலும் 2 வேலை நாளுக்குள் பாக்கியை செட்டில் பண்ணணும். “முதல் மாச சம்பளத்தை பிடிச்சு வைப்போம், போகும்போது தருவோம்” என்ற பழைய பாட்டு இனி எடுபடக் கூடாது.

கடிதம் தர மறுத்தால்? புதுசாக சேருகிற பிள்ளை சண்டை போட முடியாது, நிஜம்தான். ஆனால் நேரம், வார லீவு, ஓ.டி., பிடித்தம் பற்றி சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டுக் கேட்கலாம். வருகிற பதில் நாளைக்கு சாட்சி. தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரத்தை ஒரு டைரியில் குறிச்சு வைக்கலாம். அசல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுக்கவே கூடாது, ஜெராக்ஸ் போதும். தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்த முடியாது என்று 1947 சட்டமே சொல்கிறது. சில கடைகளில் 5 மாதம் முடிந்ததும் ‘ஊருக்குப் போயிட்டு வா’ என்று அனுப்புவதற்கு அர்த்தம் இதுதானோ என்னவோ!

புகார் கொடுக்க மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கடையில் வேலை பார்ப்பவருக்கு திங்கட்கிழமை லீவு கிடைக்காது. அம்மாவோ அப்பாவோ போய்க் கொடுத்தாலும் மனு மனுதான். டைரியின் ஜெராக்சையும், பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கணும்.