திறமை மட்டும் விமானம் ஏற்றாது

'திறமை இருந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தானே கூப்பிடும். பணமில்லை என்பது சாக்கு' என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது ஜெர்மனியை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

இந்திய மாணவர், தன் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டதற்கான ஏபிஎஸ் (APS) சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களுக்காகப் பரிசீலிக்கும் யூனி அசிஸ்ட் (uni-assist) வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இடம் கிடைக்கும் முன்பே கரையும் பணம் இது. கிடைத்த பிறகு விசா. உதவித்தொகையோ, அங்கே வசிக்கும் ஒருவரின் உத்தரவாதமோ இல்லாதவர், 2024 செப்டம்பர் முதல் மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்! கடன் கேட்டால், ஏழரை லட்சத்தைத் தாண்டியதும் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கிறது. பட்டா இல்லாத வீட்டுப் பிள்ளை எதை அடமானம் வைக்கும்?

இங்கே தோற்பது திறமை அல்ல, கைப்பணம். ஏழை மாணவருக்கு அறிவுரை வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், ஜாமீன் இல்லாமல் கடன் கொடுங்கள்.