வளர்ற பிள்ளைக்குப் பெரிய பையா?

‘அம்மா... ஸ்கவுட்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. முதுகுல மாட்டுற பெரிய பை வேணுமாம்!’

ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பிள்ளை இப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? கடைத்தெருவுக்குப் போவீர்கள். தொங்கவிட்டிருப்பதிலேயே பெரிதாக ஒன்றைக் காட்டி, ‘அதை எடுங்க! வளர்ற பிள்ளை... நாலு வருஷத்துக்கு வரட்டும்’ என்பீர்கள்.

நடுத்தரக் குடும்பத்தில் இது நியாயமான கணக்குதான். யூனிஃபார்மைப் பெரிதாகத் தைத்து மடித்து வைக்கிறோம். வளர வளரப் பிரித்துவிடுகிறோம். ஆனால், முதுகுப் பையை மடித்துத் தைக்க முடியாதே!

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீங்கான் பொம்மையைப் பெரிய பெட்டியில் போட்டுச் சும்மா மூடினால் என்ன ஆகும்? உள்ளே ஆடும், உடையும். வைக்கோலோ காகிதமோ வைத்து, அசையாமல் கட்டினால்தான் பத்திரமாக ஊர் போய்ச் சேரும். முதுகில் ஏறுகிற சுமையும் அப்படித்தான். பை பெரிதாக இருந்தால் சுமை பின்பக்கம் தொங்கும். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஆடும். பிள்ளை அதைச் சமாளிக்க முன்னால் குனிந்து நடக்கும். நம் ஊரோ சமவெளி. இங்கே வளர்ந்த பிள்ளை கல்வராயன் மலையிலோ, 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ முதல் தடவையாக ஏறும்போது கால் தடுமாற இது ஒன்று போதும்.

சரி, எவ்வளவு தூக்கலாம்? பள்ளிக்கூடப் பை மாணவரின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது, மத்திய கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட கொள்கை. மலையேறப் புதிதாகக் கிளம்பும் பிள்ளைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 36 கிலோ பிள்ளை என்றால் சுமார் மூன்றரை கிலோ. அதில் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ! போர்வை, மாற்றுத்துணி ஒரு கிலோ. டிபன், தட்டு, டம்ளர் அரை கிலோ. பைக்கு மிஞ்சுவது ஒரே கிலோ. வெறும் பையே இரண்டு கிலோ இருந்தால் கணக்கு என்னாவது?

ஆக, கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பையின் எடையை!

அடுத்தது அளவு. பிள்ளையைத் தலை குனியச் சொல்லுங்கள். கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை இஞ்சு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பையின் தோள்பட்டை வாரிலிருந்து இடுப்பு பெல்ட் வரையுள்ள நீளம் அதற்குப் பொருந்த வேண்டும். இடுப்பு பெல்ட் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பாரத்தின் பெரும்பங்கை அதுதான் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் வைக்கிறது. தோள் வார் அகலமாக, பஞ்சு வைத்து இருக்கட்டும். கயிறு மாதிரி மெல்லிய வார் வேண்டவே வேண்டாம்.

வெறும் பையை மாட்டிப் பார்த்துவிட்டு ‘சூப்பரா இருக்கு’ என்று வாங்கிவிடாதீர்கள். மூன்று தண்ணீர் பாட்டிலைப் போட்டு, கடையிலேயே பத்து நிமிஷம் நடக்கவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்! தோள் சிவந்தாலோ, கை மரத்தாலோ அந்தப் பை வேண்டாம்.

அடுக்கும்போது போர்வை அடியில், கனமான பொருள் நடுவில் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு மேலே. வாட்டர்ப்ரூஃப் பைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். துணிகளைக் கெட்டியான பாலிதீன் உறையில் சுற்றி வைத்தால் நனையாது.

கனமான பை தூக்கினால் முதுகெலும்பே வளைந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தோள்வலி, முதுகுவலி நிஜம். பையை இறக்கிய பிறகும் வலி நாள்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. முதல் மலையே தண்டனையாகிவிட்டால், ‘இனிமே நான் வரல’ என்று பிள்ளை ஒதுங்கிவிடும். மலையும் போச்சு, சாரணர் படையும் போச்சு!

‘சரியான பையா பார்த்தா விலை கூடுதே... வருஷத்துக்கு ரெண்டு தடவை போறதுக்கு இவ்வளவா?’ என்கிறீர்களா? உங்கள் கேள்வி நியாயம்தான். என் யோசனை இதுதான்: எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு பை எதற்கு? பெற்றோர்கள் கூடிப் பேசி, ஸ்கவுட் மாஸ்டரையும் கலந்துகொண்டு, இரண்டு மூன்று அளவுகளில் பைகளைப் பொதுவாக வாங்கிப் பள்ளியில் வைக்கலாம். முகாமுக்கு முகாம் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டால் அந்தப் பை அடுத்த பிள்ளைக்கு. சாரணிகளுக்கும் அப்படியே.

பாரத சாரண சாரணியரின் சட்டங்கள் ஒன்பது. அதில் சிக்கனமும் ஒன்று. மட்டமானதை வாங்குவது சிக்கனம் இல்லீங்க. சரியானதை வாங்கிப் பத்துப் பேர் பயன்படுத்துவதுதான் சிக்கனம்!

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்களே பேச்சை ஆரம்பியுங்களேன்.