துருவ் விபத்துகள்: விசாரணை அறிக்கைகள் அவைக்கு வரட்டும்

2023 மார்ச் 8 அன்று மும்பைக் கடற்கரைக்கு அப்பால் வழக்கமான பணியில் பறந்துகொண்டிருந்த கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் திடீரென விசையிழந்து, வேகமாக உயரம் குறைந்தது. விமானி அதைக் கட்டுப்பாட்டுடன் கடலில் இறக்கினார். விரைந்து சென்ற கடற்படை ரோந்துப் படகு, மூவரையும் உயிருடன் மீட்டது.

இதை அதிர்ஷ்டம் என்பது அவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், நீரில் விழும் ஹெலிகாப்டர் தலைகீழாகக் கவிழும் இயல்புடையது. இருட்டில், தலைகீழான நிலையில், மூச்சை அடக்கி, இருக்கைப் பட்டையை அவிழ்த்து வெளியேறக் கற்பிப்பதற்கென்றே கொச்சியில் கடற்படையின் பயிற்சி நிலையம் இயங்குகிறது.

மீட்பைப் பாராட்டிய புதுதில்லி, அதற்குப் பின் நடந்தவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதே மாதம் 26 அன்று கொச்சியில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்தது. மே 4 அன்று கிஷ்த்வாரில் விழுந்த ராணுவ துருவ், ஓர் உயிரைப் பறித்தது. 2024 செப்டம்பர் 2 அன்று, ஹரி லீலா கப்பலில் காயமுற்ற மாலுமியை மீட்கப் புறப்பட்ட கடலோரக் காவல்படையின் துருவ் போர்பந்தர் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த நால்வரில் ஒருவரே பிழைத்தார். மீட்கச் சென்றவர்களையே தேட வேண்டிய அவலம்! 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரின் விமான நிலையத்தில் மேலும் மூவர் மாண்டனர்.

ஒவ்வொரு முறையும் ஹெலிகாப்டர்கள் தரையில் நிறுத்தப்படுகின்றன, சோதிக்கப்படுகின்றன, மீண்டும் பறக்கின்றன. கட்டுப்பாட்டுத் தண்டுகள் அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றப்பட்டன. போர்பந்தர் விபத்துக்குப் பிறகோ, சுழலித் தகடுகளின் கோணத்தை மாற்றும் ‘ஸ்வாஷ்பிளேட்’ முறிந்தது பற்றிப் பேசப்பட்டது. தண்டு பழுதென்றால் தண்டு, தகடு முறிந்தால் தகடு என்று போய்க்கொண்டிருந்தால், வடிவமைப்பையும் உலோகத்தையும் பராமரிப்பையும் ஒருசேர ஆராய்வது எப்போது?

சிவில் விமான விபத்துகளை ஆராயும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு தன் அறிக்கைகளை வெளியிடுகிறது. 2022 ஜூன் 28 அன்று இதே மும்பைக் கடலில் ஓஎன்ஜிசி எண்ணெய்த் துரப்பண மேடை அருகே விழுந்த பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டரில் நால்வர் இறந்தபோது, விசாரணை அந்த அமைப்பிடமே சென்றது. ராணுவ விசாரணைகளோ கோப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. முப்படைத் தலைமைத் தளபதி உள்ளிட்ட 14 பேரைப் பலிகொண்ட குன்னூர் விபத்துக்கு நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணையில் கிடைத்த காரணம், ‘விமானக் குழுவின் மனிதத் தவறு’ என்ற சில சொற்களே. போர் ரகசியம் எது, உதிரிபாகத்தின் குறை எது என்று பிரித்தறிய முடியாதா என்ன?

துருவைத் தயாரிப்பது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். அது மக்களின் சொத்து. ரஃபேல் பேரத்தில் ஓரங்கட்டப்பட்ட நிறுவனமும் அதுவே. உண்மை மறைக்கப்படும்போது, விபத்துகளைக் காட்டிப் பாதுகாப்பு உற்பத்தியைத் தனியாரிடம் தாரைவார்க்கத் துடிப்போரின் வாதமே வலுக்கிறது. ரகசியக் கூறுகளை நீக்கிய விசாரணை அறிக்கைகளை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அந்நிறுவனத்தின் பொறியாளர்களும் தொழிற்சங்கங்களும் தரக் கட்டுப்பாடு குறித்துச் சொல்வதை நிலைக்குழு நேரில் கேட்க வேண்டும்.