அரங்கின் கதவு அகலத் திறக்கட்டும்

மறதிநோய்க்கு ஆலோசனை பெற வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் மூன்று செய்திகளைப் பற்றியே கேட்கின்றனர்: மருந்து, உணவு, உறக்கம். இம்மூன்றும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விடைபெறும் வேளையில், தயங்கிய குரலில் எழுகிறது. "இவரை நாலு பேர் கூடும் இடத்துக்கு அழைத்துச் செல்லலாமா?" என்பதே அக்கேள்வி. மருந்துச்சீட்டில் அதற்கு விடை எழுத இடமில்லை. எனினும் நோயுற்றவரின் வாழ்வும் அவரைப் பேணுபவரின் வாழ்வும் எத்தன்மையவாக அமையும் என்பது அவ்விடையைப் பெரிதும் பொறுத்தது. அழைத்துச் செல்லலாம் என்பதும், அவ்வாறு வருவோரை ஏற்கும் வகையில் தம்மைத் திருத்தி அமைத்துக்கொள்வது பொது இடங்களின் கடமை என்பதும் எங்கள் கருத்து. இக்கருத்துக்குச் சான்றாக நெடுந்தொலைவில் உள்ள ஒரு நாடக அரங்கின் பணியை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவ்வெண்களுக்குப் பின்னால் சுருங்கிவரும் வாழ்க்கைகள் பல உள்ளன. முதலில் கடைத்தெரு நின்றுபோகிறது. பிறகு கோயில், அதன்பின் உறவினர் வீட்டுத் திருமணம். இறுதியில் நோயுற்றவரும் அவரைப் பேணும் மனைவியோ கணவரோ மகளோ ஒரே கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நாளைக் கழிக்கின்றனர். இச்சுருக்கம் முழுவதும் நோயினால் வருவதன்று. பிறர் என்ன நினைப்பரோ என்னும் கூச்சமும், ஏதேனும் நேர்ந்தால் உதவுவார் இலரே என்னும் அச்சமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் உள்ளது லீட்ஸ் நகரம். அங்குள்ள லீட்ஸ் பிளேஹவுஸ் என்னும் நாடக அரங்கு 1970-இல் தொடங்கப்பெற்றது. 1990-இல் புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்தபோது வெஸ்ட் யார்க்‌ஷயர் பிளேஹவுஸ் எனப் பெயர் மாற்றம் கொண்டு, 2018-இல் பழைய பெயருக்கே திரும்பியது. நாடகம் போடுவதோடு தன் கடமை முடிந்ததாக அவ்வரங்கு கருதவில்லை. 55 வயதைக் கடந்தோர் கூடி ஆடவும் பாடவும் எழுதவும் நடிக்கவும் 'ஹேடேஸ்' என்னும் நிகழ்ச்சியை நீண்ட காலமாக நடத்திவருகிறது. சொந்த நாட்டை விட்டு அடைக்கலம் தேடி வந்தோருக்கு இடமளித்த பணிக்காக 2014-இல் 'அடைக்கல அரங்கு' என்னும் சிறப்பையும் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் அது மேற்கொண்ட மற்றொரு முயற்சியே நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது.

2014 டிசம்பரில் 'ஒயிட் கிறிஸ்மஸ்' என்னும் இசை நாடகத்தின் காட்சி ஒன்றை, மறதிநோய் உள்ளோரும் அவர்தம் குடும்பத்தினரும் அமைதியாகக் கண்டுகளிக்கும் வகையில் அவ்வரங்கினர் மாற்றி அமைத்தனர். அந்நாட்டில் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடியாக அது பேசப்பட்டது. அவ்வனுபவத்தையும் அதன் பின்னர்க் கற்றவற்றையும் தொகுத்து, பிற அரங்குகளும் பின்பற்றுமாறு 2016-இல் ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டனர். இன்று அந்நாட்டின் பல ஊர்களில் இவ்வகைக் காட்சிகள் நடைபெறுகின்றன.

இத்தகைய காட்சியில் செய்யப்படும் மாற்றங்கள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருத்துவக் காரணம் உண்டு. பார்வையாளர் பகுதியில் விளக்குகள் முற்றிலும் அணைக்கப்படுவதில்லை, மங்கலாகவேனும் எரிகின்றன. மறதிநோயில் கண் காண்பதை மூளை பிரித்தறியும் ஆற்றலும் குறைவதால், திடீர் இருள் பெருங்குழப்பத்தை உண்டாக்கும். தரையில் விரித்த கரிய மிதியடி கூட அவர்களுக்குப் பள்ளமாகத் தோன்றக்கூடும். ஒலியின் அளவு குறைக்கப்படுகிறது. எதிர்பாராது வெடிக்கும் ஓசைகள் தணிக்கப்படுகின்றன. கழிப்பறைக்கும் வெளிவாயிலுக்கும் வழிகாட்டும் பலகைகள் பெரிய எழுத்தில், படத்துடன், கண்மட்டத்தில் வைக்கப்படுகின்றன. கதையின் சுருக்கம் முன்னரே எளிய நடையில் தரப்படுகிறது. இடையில் எழுந்து நடக்கவும், பாட்டுடன் சேர்ந்து பாடவும், விரும்பினால் வெளியே உள்ள அமைதியான அறையில் சற்று அமர்ந்து திரும்பவும் தடையில்லை. வாயிற்காப்போர் முதல் சிற்றுண்டி விற்போர் வரை அனைவருக்கும் இந்நோயைப் பற்றிய பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒருவர் ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதுபோல விடை கூற அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

இம்மாற்றங்களை விடவும் எங்களைக் கவர்ந்தது, அவற்றைச் செய்தோர் யாரிடம் கேட்டுச் செய்தனர் என்பதே. மறதிநோயுடன் வாழ்வோரையே அவ்வரங்கினர் ஆலோசகர்களாக அமர்த்திக்கொண்டனர். 2018-இல் 'ஸ்டில் ஆலிஸ்' என்னும் நாடகத்தை மேடையேற்றியபோது, வெண்டி மிட்செல் என்னும் அம்மையார் அதற்கு ஆலோசனை வழங்கினார். அவர் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் பணியாற்றியவர். 2014-இல், தம் 58-ஆம் வயதில், இந்நோய் இருப்பதாக அறியப்பட்டவர். அதன் பின்னரும் நூல்கள் எழுதி, மேடைகளில் பேசி, 2024-இல் மறைந்தார். அதே 2018-இல் அவ்வரங்கு நடத்திய 'எவ்ரி தர்ட் மினிட்' என்னும் விழாவின் நிகழ்ச்சிகளை, மறதிநோயுடன் வாழ்வோரே முன்னின்று தெரிந்தெடுத்து அமைத்தனர். மூன்று நிமிடத்துக்கு ஒருவர் அந்நாட்டில் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதைக் குறிக்கவே அப்பெயர். பெயரையும் நாளையும் மறப்பவருக்கு விருப்பும் வெறுப்பும் மறந்துவிடுவதில்லை. அவரிடம் கேட்காமலே அவருக்காக எல்லாவற்றையும் முடிவு செய்யும் வழக்கம் வீட்டிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. லீட்ஸ் நகரத்து அரங்கு அவ்வழக்கத்துக்கு மாறாக ஒரு வழியைக் காட்டியிருக்கிறது.

பேணுபவருக்கு இதனால் விளையும் நன்மையைத் தனியே கூறவேண்டும். நாள் முழுவதும் மருந்து ஊட்டி, உடை மாற்றி, கதவைப் பூட்டிக் காவல் இருப்பவர், அரங்கில் அமர்ந்த இரண்டு மணிநேரமேனும் மீண்டும் மனைவியாகவோ மகனாகவோ இருக்க முடிகிறது. இருவரும் ஒரே திசையில் பார்க்கின்றனர். ஒரே பாட்டைக் கேட்கின்றனர். தம் துணைவர் எழுந்து நின்றாலும் உரக்கச் சிரித்தாலும் யாரும் திரும்பி முறைக்கமாட்டார் என்னும் உறுதி அவருக்கு இருக்கிறது. அவ்வுறுதியைத் தரும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

இதற்கு எதிராகக் கூறப்படுவன சில உண்டு. "பார்த்த நாடகத்தை மறுநாளே மறந்துவிடுவாரே, பின் எதற்கு இவ்வளவு பாடு?" என்பது அவற்றுள் முதன்மையானது. இதற்கு 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு விடை கூறுகிறது. அல்சைமர் நோயுற்ற 17 பேருக்குத் துயரமும் மகிழ்ச்சியும் தரும் திரைக்காட்சிகளைக் காட்டி, சில நிமிடங்கள் கழித்து அவர்கள் கண்டவற்றை வினவினர். கண்டவற்றை அவர்கள் பெரும்பாலும் மறந்திருந்தனர். ஆனால் அக்காட்சிகள் எழுப்பிய உணர்வு, அரை மணிநேரம் வரையிலும் அவர்களிடம் தங்கியிருந்தது. காரணம் மறந்தாலும் களிப்பு எஞ்சுகிறது. அவ்வாறே துயரமும் எஞ்சுகிறது. நேற்றுக் கண்ட நாடகத்தை அவர் கூறமாட்டாமல் இருக்கலாம். எனினும் அம்மாலைப் பொழுதின் மலர்ச்சி அவர் முகத்தில் இருக்கும். காலையில் நாம் கூறிய கடுஞ்சொல் அவர் நினைவில் இல்லாமல் போகலாம். அதனால் வந்த கலக்கம் நெடுநேரம் நிற்கும். வீட்டில் அவருடன் பேசும் ஒவ்வொரு முறையும் இதை நினைவிற்கொள்வது நலம்.

நாடகம் நோயைத் தீர்க்குமா என்பது அடுத்த கேள்வி. தீர்க்காது என்று தெளிவாகவே கூறுகிறோம். மறதிநோயை முற்றிலும் நீக்கும் மருந்தும் இன்றளவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய்த்தடுப்பிலும் பராமரிப்பிலும் கலைகள் துணைநிற்கின்றன என்பது அதன் கருத்து. துணை என்னும் அச்சொல்லைப் பிடித்துக்கொள்வோம். அதற்குமேல் வாக்களிப்போரை நம்பவேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கச் சொல்லும் எவருடைய பேச்சுக்கும் செவிசாய்க்க வேண்டாம்.

மூன்றாவதாக, இவர்களுக்கெனத் தனிக்காட்சி வைப்பது இவர்களைத் தனியே ஒதுக்குவது ஆகாதா என்று கேட்பாரும் உளர். இது நியாயமான வினா. லீட்ஸ் அரங்கினரும் இதனை எண்ணிப் பார்த்திருப்பர் போலும். 2022-இல் மறதிநோயுற்ற ஒரு பெண்மணியையும் அவர் குடும்பத்தையும் பற்றிய 'மேகி மே' என்னும் நாடகத்தை அவர்கள் மேடையேற்றியபோது, எல்லாக் காட்சிகளையுமே இந்நோய் உள்ளோருக்கு உகந்தவாறு அமைத்தனர். சாய்தளம் சக்கர நாற்காலிக்காகக் கட்டப்பட்டாலும் பிள்ளைவண்டி தள்ளும் தாய்க்கும் முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் அதுவே வழியாகிறது. அரங்கில் செய்யும் இம்மாற்றங்களும் அத்தகையவை.

நம் மண்ணில் இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஊர்த்திடலில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தைக் கண்டோர் இதனை அறிவர். அங்கே குழந்தைகள் பாயில் உறங்குவர். முதியோர் எழுந்து சென்று தேநீர் அருந்தித் திரும்புவர். கட்டியங்காரன் பார்வையாளருடன் பேசுவான். அசையாமல், ஓசையின்றி, இருளில் அமரவேண்டும் என்னும் விதி மூடிய அரங்குகளோடு வந்தது. அவ்விதியைச் சற்றுத் தளர்த்துவது நமக்குக் கடினமாக இருத்தல் ஆகாது. ஆகவே நம் ஊர்ச் சபாக்களும் நாடகக் குழுக்களும் திருமண மண்டபத்தாரும் மாதம் ஒரு பகற்காட்சியையோ, மண்டபத்தில் ஓர் அமைதியான அறையையோ ஒதுக்குமாறு வேண்டுகிறோம். மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. காத்திருப்போர் கூடத்தின் இரைச்சலும் புரியாத வழிகாட்டிப் பலகைகளும் நோயாளியை எவ்வளவு அலைக்கழிக்கின்றன என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள். மாலை மயங்கும் வேளையில் குழப்பம் மிகுவோர் பலர் உளராதலின், காலை அல்லது பிற்பகல் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை நீண்ட நிகழ்ச்சி வேண்டாம். அரை மணிநேரப் பாட்டுக் கச்சேரியோ கோயில் மண்டபத்துச் சொற்பொழிவோ போதும். முடிந்தால் முன்னதாக ஒரு நாள் அவ்விடத்தைச் சென்று பார்த்து, கழிப்பறை எங்குள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வாயிலுக்கு அருகில், நடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். நோயுற்றவரின் சட்டைப்பையில் அவர் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். காய்ச்சல் உள்ளபோதும் மருந்து மாற்றிய சில நாள்களிலும் வெளியே செல்வதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் பாதியில் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள். பாதிவரை இருந்ததும் நல்ல பயனே. எல்லாவற்றுக்கும் முன்பாக, போகலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள்.

இன்னொரு வேண்டுகோளையும் முன்வைக்கிறோம். நோயாளியின் குடும்பம் அல்லாத நண்பர்களும் அண்டை வீட்டாரும் இம்மடலைப் படிப்பதுண்டு. அவர்களுக்கே இது. உங்கள் வீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது, "நீங்கள் மட்டும் வந்தால் போதும்" என்று பேணுபவரிடம் கூறாதீர்கள். "அவரையும் அழைத்து வாருங்கள், பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்" என்று கூறுங்கள். பேணுபவர் பல மாதங்களாகக் கேட்கக் காத்திருக்கும் சொல் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.