ஒரே வாங்கு, இரண்டு கட்டணம்



படிப்பைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2006 ஆவணியில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது எங்கள் புத்தகங்களும் மூடப்பட்டன. ஓ.எல். பரீட்சையோடு நின்றது படிப்பு. அதற்குப் பிறகு ஓடுவதற்கும் பதுங்குவதற்கும்தான் நேரம் இருந்தது. இன்று நாங்கள், கணவனும் மனைவியும், ஸ்காபரோவில் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ற் மாறி ஷிப்ற் வேலை செய்கிறோம். ஒருவர் வீட்டுக்குள் வர மற்றவர் சப்பாத்துப் போடுவார். ஆனாலும் ஒரு கல்லூரி மாணவனோடு ஒரு வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். அவனிடம் கற்றதையும், அவனுக்கு நாங்கள் செய்த பிழையையும் எழுதாமல் விட்டால் மனம் ஆறாது.

அந்தத் தம்பி வலிகாமப் பக்கத்துப் பிள்ளை. ஸ்ரூடன்ற் விசாவில் ஒரு தை மாதக் குளிரில் வந்து இறங்கினான். எங்கள் வாடகை வீட்டில் மிச்சமாக இருந்த சின்ன அறையை அவனுக்குக் கொடுத்தோம். முதல் கிழமை சாப்பாட்டு மேசையில், "தம்பி, கல்லூரிக்கு எவ்வளவு கட்டினனீர்?" என்று கேட்டோம். அவன் சொன்ன தொகையைக் கேட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பா வீட்டுக் காணியை ஈடு வைச்சவர் அண்ணை. நான் படிச்சு முடிச்சால்தான் அது திரும்பும்" என்றான்.

அதன் பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே வாங்கு. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை கட்டுவது ஒரு கட்டணம், இவன் கட்டுவது வேறு கட்டணம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 2023-24 கல்வியாண்டில் கலை, விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த ஒன்ராறியோ மாணவர் ஒருவருக்கு வருடக் கட்டணம் சுமார் 6,100 டொலர். அதே படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் கட்டியது 60,000 டொலருக்கு மேல். கல்லூரிகளில் தொகை இதைவிடக் குறைவு. ஆனால் அங்கும் வெளிநாட்டு மாணவர் பல மடங்கு கட்டுகிறார்.

முன்பு எல்லாம் இப்படி இருக்கவில்லை. 1951 இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அரசு தன் செலவிலேயே ஆசிய நாடுகளின் மாணவர்களை அழைத்துப் படிப்பித்தது. இலங்கையும் அதில் ஒரு நாடு. அன்று நாடு மாணவனுக்குக் கொடுத்தது. இன்று மாணவன் நாட்டுக்குக் கொடுக்கிறான். ஊரில் காணி ஈடு போவது அதனால்தான்.

இங்கே புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை இதில் எந்தப் பக்கம்? இதைத் தெரியாமல் "கல்லூரி எங்களுக்குக் கட்டாது" என்று பிள்ளையை நேரே வேலைக்கு அனுப்பிய குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்குக் கேள்வியே இல்லை. குடிவரவு நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டமே சொல்கிறது. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலை கிடைத்துவிட்டால், பி.ஆர். அட்டை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் உள்ளூர்க் கட்டணம்தான். ஒசாப் என்னும் மாகாண மாணவர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத மானியம். இரண்டின் அளவும் அடிக்கடி மாறும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேஸ் இன்னும் முடியாதவர்களின் நிலைதான் கஷ்டம். பெரும்பாலான இடங்களில் அவர்களிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்பார்கள். ஒசாப்பும் இல்லை. ஆனாலும் முழுக் கதவும் பூட்டில்லை. நிரந்தர நிலை இல்லாத மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க யோர்க் பல்கலைக்கழகம் 2017 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி ஆலோசகரிடம் அதைப் பற்றி வாய் திறந்து கேளுங்கள். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை என்பது இந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம்.

வெளிநாட்டு மாணவர் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. முன்பு 20 மணித்தியாலமாக இருந்தது. 2022 கார்த்திகையில் அந்த வரம்பைத் தளர்த்தினார்கள். 2024 சித்திரையோடு அந்தத் தளர்வு முடிந்தது. 2024 கார்த்திகை 8 முதல் 24 மணித்தியாலம். விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் செய்யலாம். இது எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும்.

எங்கள் வேலைத்தலத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்று கையில் காசு கொடுக்கும், கேள்வி கேட்காது. ஆள் குறையும் நாட்களில் சூப்பவைசர் எங்களைத்தான் பார்ப்பார். நாங்கள் தம்பியைப் பார்ப்போம். "இரண்டு இரவு கூட நில்லும் தம்பி, காசு சும்மாவா வருது?" என்றோம். அவனுக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும். வியாழன் இரவு, வெள்ளி இரவு, பிறகு ஞாயிறும். பெட்டி அடுக்கி விட்டு அப்படியே பஸ் ஏறி வகுப்புக்குப் போவான். அவன் உழைக்கிறான் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். வாடகை நேரத்துக்கு வந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஒருநாள் ஊரிலிருந்து தாய் போன் எடுத்தா. "தங்கச்சி, அவன் படிக்கிறானோ? கதைக்கேக்குள்ள நித்திரை தூங்கிற மாதிரிக் கிடக்குது." "ஓம் அக்கா, நல்லாப் படிக்கிறான்" என்று எங்கள் வீட்டில் பதில் போனது. அடுத்த மாதம் பெறுபேறு வந்தது. இரண்டு பாடம் தவறிவிட்டான். வெளிநாட்டுக் கட்டணத்தில் அந்த இரண்டையும் திரும்பப் படிக்க, கூடுதல் ஷிப்ற்றில் உழைத்த காசு முழுவதும் போனது. காசு போனால் உழைக்கலாம். வரம்பை மீறி வேலை செய்தது பிடிபட்டிருந்தால் விசாவும் போய், காணியும் போயிருக்கும். நாங்கள் அகதி என்று பயந்து வாழ்ந்த வருடங்களை மறந்து, இன்னொரு பிள்ளையை அதே பயத்துக்குள் தள்ளியிருந்தோம்.

அன்று இரவு மூன்று பேரும் இருந்து கணக்குப் போட்டோம். கூடுதல் ஷிப்ற் இனி இல்லை. அடுத்த தவணை முடியும்வரை வாடகையில் 150 டொலரை நாங்கள் குறைத்தோம். அவன் கல்லூரியில் உள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னான். திட்டுவார்கள் என்று பயந்து போனவனுக்கு அங்கே தேநீர் கொடுத்து, பாடங்களை எப்படிப் பிரித்து எடுக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளே செய்யும் வேலைக்கு அந்த 24 மணித்தியாலக் கணக்கு இல்லை என்பதும் அங்கேதான் தெரிய வந்தது. இப்போது வளாகத்துக்குள்ளேயே சில மணித்தியால வேலை செய்கிறான்.

அந்தத் தவணையில்தான் எங்கள் வீட்டுக்குக் கல்லூரி வந்தது என்று சொல்லலாம். குழுவாகச் செய்யும் ஒப்படை ஒன்றுக்கு நாலு பேர் எங்கள் மேசைக்கு வந்தார்கள். நைஜீரியப் பிள்ளை ஒன்று, பஞ்சாப் பெடியன், வியட்நாம் பிள்ளை, ஒஷாவாவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெடியன். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சம்பலும் வைத்தோம். நைஜீரியப் பிள்ளை கை கழுவிவிட்டுக் கையாலேயே குழைத்துச் சாப்பிட்டது. தங்கள் ஊரிலும் இப்படித்தானாம். ஒஷாவாப் பெடியன் கரண்டியோடு மல்லுக்கட்டி, கடைசியில் அவனும் கையை வைத்தான். பஞ்சாப் பெடியன் தன் தகப்பன் வயலை ஈடு வைத்த கதையைச் சொன்னபோது எங்கள் தம்பி சிரித்தான். கதை ஒன்று, மொழிதான் வேறு.

கலாசாரப் பரிமாற்றம் என்று கல்லூரி அறிவித்தல் பலகையில் போடுவார்கள். பரதநாட்டியம் ஆடுவதும் ரோல்ஸ் சுட்டுக் கொடுப்பதும்தான் அது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதுவும் நல்லதுதான். ஒன்ராறியோ 2014 இலும் கனடா நாடாளுமன்றம் 2016 இலும் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற பிறகு, பல இடங்களில் தை மாதத்தில் எங்கள் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 2018 இல் நிதி சேர்க்கத் தொடங்கி, 2021 இல் 30 இலட்சம் டொலர் இலக்கை எட்டினார்கள். எங்களைப் போல மணிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களும் அதற்குக் கொடுத்தார்கள். ஆனால் மேடையை விட மேசையில் நடப்பதுதான் பரிமாற்றம் என்று இப்போது நினைக்கிறோம்.

தம்பி கற்ற சில விஷயங்களை உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். இங்கே பல ஆசிரியர்கள் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். அது மரியாதைக் குறைவில்லை. விளங்காததைக் கேட்பதும் எதிர்த்துக் கதைப்பதாகாது. ஒவ்வோர் ஆசிரியரும் மாணவரைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருப்பார், போகாவிட்டால் நட்டம் எங்களுக்குத்தான். ஊரில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் கெட்டிக்காரன். இங்கே எடுத்த இடத்தைச் சொல்லாமல் எழுதினால் களவு, வகுப்பை விட்டே நிறுத்தலாம். தமிழ் மாணவர் சங்கம் இருந்தால் சேருங்கள், ஆள் தனித்துப் போகாது. அதோடு தமிழர் இல்லாத ஒரு சங்கத்திலும் சேருங்கள்.

பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது ஒரு தவணை வேறு நாட்டில் போய்ப் படிக்கும் திட்டமும் உண்டு. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போனால் பொதுவாக இங்கே கட்டும் கட்டணத்தையே கட்டலாம், பயணமும் தங்குமிடமும் வேறு செலவு. "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடுறதோ?" என்று உடனே மறுக்காமல் விசாரித்துப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. நீல நிற அகதிப் பயண ஆவணத்தில் போகும் பிள்ளை, எந்த நாட்டுக்குப் பயந்து வந்ததோ அந்த நாட்டுக்கு அதில் போக முடியாது. பாதுகாப்பு நிலைக்கே ஆபத்து வரலாம். ரிக்கெற் போட முன்பு லோயரிடம் கேளுங்கள். குடியுரிமை கிடைக்கும்வரை பொறுப்பது பலருக்கு நல்லது.

ஊரிலிருந்து உறவுக்காரர் "என்ர மகனையும் கூப்பிடு" என்று கேட்டால் மூன்று விஷயம் சொல்லுங்கள். முதலாவது, 2024 இல் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது, அந்த வருடத்துக்கு சுமார் 3,60,000 என்று அறிவித்தது. முன்பு போல இலகு இல்லை. இரண்டாவது, கட்டணத்துக்கு மேலாக வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய காசு 10,000 டொலரில் இருந்து 2024 இல் 20,635 ஆகவும், 2025 புரட்டாதி முதல் 22,895 ஆகவும் ஏறிவிட்டது. மூன்றாவது, ஏஜென்ட் தரும் அனுமதிக் கடிதத்தை நேரே கல்லூரியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். 2023 இல் போலிக் கடிதத்தில் மாட்டிய பஞ்சாப் மாணவர்கள் நாடுகடத்தலுக்கு எதிராக மிஸிஸாகாவில் வீதியில் இருந்து போராடினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கடிதம் போலி என்பதே தெரிந்திருக்கவில்லை.

போன மாதம் தம்பி எங்களைத் தன் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் பஸ் தினமும் அதைக் கடந்துதான் போகிறது. ஒருநாளும் இறங்கியதில்லை, எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்ற நினைப்பு. ஒருவரும் மறிக்கவில்லை. நூலகத்தில் போய் இருந்தோம். 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகத்தை எங்கள் தாய் தகப்பன் சொல்லக் கேட்டதோடு சரி; இவ்வளவு புத்தகத்துக்கு நடுவில் நாங்கள் இருந்தது அதுதான் முதல் தரம். போகும்போது வளர்ந்தவர்களுக்கான அடிப்படைக் கல்வி வகுப்பின் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தம்பி நீட்டினான். ஒன்ராறியோக் கல்லூரிகளில் அதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. பள்ளி முடிக்காதவர்கள் அதைப் படித்துக் கல்லூரிக்குள் போகலாம்.

"ஷிப்ற் மாத்தினால் ஒராளாவது போகலாம் அக்கா" என்றான்.

அந்தத் துண்டு இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. யார் முதலில் போவது என்பதில் வீட்டில் இன்னும் முடிவில்லை. தாய்க்கும் போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவ, பிறகு "இப்ப சாப்பிடுறானோ?" என்று மட்டும் கேட்டா.

உங்கள் வீட்டு அறையிலும் இப்படி ஒரு பிள்ளை வாடகைக்கு இருந்தால், வாடகைக் காசை எண்ண முன்பு அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.